பரசுராமன் வண்டியின் முன்சக்கரம்

திருவொற்றியூரைத் தாண்டி எர்ணாவூர் பக்கம் போகிற சாலையில், கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. ஜஹாங்கீரின் மெக்கானிக் கடை. வாசலில் போர்டு உண்டு, எழுத்துதான் கிடையாது. உப்புக்காற்று அதைத் தின்று ஏழெட்டு வருஷமாகிறது. மறுபடி எழுதச் சொல்லி மனைவி மலிகா நச்சரித்துப் பார்த்துவிட்டாள். எழுதினால் மட்டும் நிற்கவா போகிறது என்று அவர் விட்டுவிட்டார்.

போர்டு இல்லாமலே ஆள் வருகிறது. வருகிறவர்கள் எல்லாம் கொண்டுவருவது ஒரே புகார்தான்: எதுவோ பிடித்துக்கொண்டது, கழலமாட்டேன் என்கிறது. வேறு ஊரில் ஒரு மெக்கானிக் முன்சக்கரத்தைக் கழற்றப் பத்து நிமிஷம் எடுத்துக்கொள்வான். நட்டைத் தளர்த்துவான், ஆக்சிலை உருவுவான், சக்கரம் கையில் வந்துவிடும். இங்கே அப்படி வந்தால் ஜஹாங்கீருக்குச் சந்தேகம் வந்துவிடும். கிழக்கே கூப்பிடு தூரத்தில் கடல். வடக்கே எண்ணூர் அனல்மின் நிலையத்திலிருந்து காற்றோடு சாம்பல். உப்பும் சாம்பலும் ஈரமும் ஒரு இடுக்கில் கூடிவிட்டால் இரும்பு இரும்போடு ஒட்டிக்கொள்ளும், பிறகு எத்தனை பலசாலி வந்தாலும் அசையாது. இருபத்தாறு வருஷமாக அவர் பார்ப்பது வண்டி ரிப்பேர் என்று சொன்னால் பாதிதான் உண்மை. ஒட்டிக்கொண்டதைப் பிரிப்பதுதான் அவர் தொழில். ஏரியாவில் அவருக்கு ஜாம் பாய் என்று பெயர்.

இந்தத் தொழிலுக்குத் தோள் வேண்டும். ஜஹாங்கீருக்கு ஐம்பத்தேழு வயசு, சர்க்கரை வேறு. வலது தோள்பட்டை போன வருஷத்திலிருந்து சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சட்டை மாட்டும்போது வலது கையை இடது கையால் தூக்கி விடுகிறார். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே அன்றைய தெம்பில் பாதி போய்விடும். மீதியை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை ஓட்ட வேண்டும். யாராவது எப்படி இருக்கீங்க பாய் என்று கேட்டால் சும்மா சிரிப்பார். பதில் சொல்லக்கூட அலுப்பு.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ஷட்டரைத் தூக்கிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி வந்து நின்றது. அதன் பலகையில் கயிறு போட்டுக் கட்டி ஒரு மோட்டார் சைக்கிள். பின்னாலேயே நடந்து வந்தவர் பரசுராமன். இருபத்தைந்து வருஷப் பழக்கம். ஒரு காலத்தில் பக்கத்துத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். அதை இழுத்து மூடியபிறகு கண்டெய்னர் யார்டில் செக்யூரிட்டி. கடைக்கு வந்தால் பாய், மாமு என்று கூப்பிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார். அன்றைக்கு உட்காரவில்லை.

கயிற்றை அவிழ்த்து வண்டியை இறக்கினார்கள். முன்சக்கரம் சுற்றவே இல்லை. தரையில் இழுபட்டுக் கோடு போட்டது.

"தொறந்து பாரு," என்றார் பரசுராமன். "உன் கை பண்ண வேலைய உன் கண்ணாலயே பாரு."

"குந்து பரசு. டீ சொல்றேன்."

"டீ வாணாம். எட்டு மாசம் முன்னாடி இதுக்கு பிரேக் கட்டை மாத்துனது யாரு?"

"நான்தான்."

"அந்த பிரேக்குதான் புட்ச்சிகினு உடல. எம் பொண்டாட்டி தொடை எலும்பு ரெண்டாப் பூட்ச்சி. நீ தொறந்து பாத்துட்டு சாயங்காலம் வூட்டுக்கு வா. யார் மேல தப்புன்னு ரமா முன்னாடி நின்னு சொல்லு. அத்தான் நான் கேக்கறது, வேற ஒண்ணும் வாணாம்."

சொல்லிவிட்டு மீன்பாடி வண்டியிலேயே ஏறிப் போய்விட்டார்.

நடந்தது ஏரியாவுக்கே தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால், காலையில், எர்ணாவூர் மேம்பாலத்துக்குக் கீழே. பரசுராமன் வழக்கம்போல மனைவி ரமாபாயைப் பின்னால் உட்காரவைத்து எம்.கே.பி. நகருக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே ஒரு பால்வாடியில் ரமாபாய் ஆயா. முன்னால் போன டிரெய்லர் சட்டென்று நின்றது. பரசுராமன் முன்பிரேக்கைப் பிடித்தார், வண்டி நிதானித்தது, பிரேக்கை விட்டார். கை விட்டது, பிரேக் விடவில்லை. சக்கரம் அப்படியே கட்டிக்கொண்டு மணலில் சறுக்க, இரண்டு பேரும் விழுந்தார்கள். அவருக்கு முழங்கையில் தோல் உரிந்தது, அவ்வளவுதான். வண்டி முழுக்க ரமாபாயின் தொடைமேல் விழுந்தது. பெரியாஸ்பத்திரியில் பிளேட் வைத்து, போன வாரம்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து பரசுராமன் டீக்கடையில், யார்டு வாசலில், ஹவுசிங் போர்டு படிக்கட்டில் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே பேச்சு: பாய் போட்ட பிரேக்கு, எம் பொண்டாட்டி காலு. அதற்கப்புறம் இரண்டு மூன்று பழைய வாடிக்கைகள் கடையைத் தாண்டிப் போகும்போது அவசரமாக மறுபக்கம் பார்த்தார்கள். ஜஹாங்கீர் கவனிக்காதமாதிரி இருந்துகொண்டார்.

அவரைத் தின்றது அந்தப் பேச்சு இல்லை. பரசுராமன் சொல்வது உண்மையாகக்கூட இருக்கலாம் என்பதுதான்.

முன்பிரேக்கின் விஷயம் இவ்வளவுதான். லீவரைப் பிடித்தால் சக்கரத்துக்குள்ளே விரல் நீளத் தண்டு ஒன்று திரும்பும். அதற்குக் கேம் என்று பெயர். அது திரும்பினால் பிரேக் கட்டைகள் விரிந்து சக்கரத்தின் நடுவிலுள்ள டிரம்மைப் பிடிக்கும். லீவரை விட்டால் கேம் பழையபடி திரும்பி வர வேண்டும். வருவதற்கு அதன்மேல் விரல் நுனியில் தொட்டு ஒரு பொட்டு கிரீஸ் தடவ வேண்டும். தடவாவிட்டால் துரு பிடிக்கும், ஒருநாள் போன இடத்திலேயே நின்றுவிடும். எட்டு மாசத்துக்கு முன்னால் அந்தப் பொட்டு கிரீஸை வைத்தாரா? தோள்பட்டை முதன்முதலில் பூட்டிக்கொண்ட வாரம் அது. கடையில் நான்கு வண்டி நின்றது, கையைத் தூக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை முடித்த நாட்கள். வைத்த ஞாபகமும் இல்லை, வைக்காத ஞாபகமும் இல்லை. மூன்று வாரமாகப் படுக்கும்போதெல்லாம் அந்த நாளைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறார். அந்தப் பொட்டு மட்டும் கண்ணுக்குத் தெரியவே மாட்டேன் என்கிறது.

சக்கரத்தைத் திறந்தால் தெரிந்துவிடும். காய்ந்த செந்துரு இருந்தால் அவர் தப்பு. கிரீஸ் இருந்தால் இல்லை.

திறப்பதற்கு முதலில் ஆக்சில் வர வேண்டும். அதுவோ சக்கரத்துக்கும் அதைத் தாங்குகிற ஃபோர்க்குக்கும் நடுவே ஒன்றாக இறுகிப்போயிருந்தது. நட்டின் முனைகளைத் துரு தின்று உருட்டையாக்கிவிட்டது, ஸ்பேனர் போட்டால் வழுக்கியது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். டீசலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். அது ஊறட்டும் என்று ஸ்டூலில் உட்கார்ந்து தோளைப் பிசைந்துகொண்டார். பக்கத்து வெல்டிங் கடை இக்னேஷியஸ் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தான்.

"இன்னா பாய் இதும்கூட மல்லுக்கட்டிகினு கீற? கேஸ் எடுத்தாறேன். ரெண்டு நிமிஷம். சர்ருனு அறுத்து எறிஞ்சிட்டா வேலை முடிஞ்சிது."

"வாணாம்."

"ஆக்சில் இன்னா தங்கமா? புச்சு வாங்கி மாட்டிக்கலாம்."

"கேஸ் வெச்சா உள்ள கிரீஸ் எரிஞ்சிடும்பா. அப்பால அது இருந்திச்சா இல்லியான்னு எவனுக்குத் தெரியும்?"

இக்னேஷியஸுக்கு அப்போதுதான் புரிந்தது. போய் இரண்டு முழக் குழாய் ஒன்றை எடுத்துவந்து கொடுத்தான். அதை ஸ்பேனர் பிடியில் செருகி, நெம்புகிற பலத்தைக் கூட்டி, இரண்டு பேரும் சேர்ந்து அமுக்கினார்கள். நட்டு கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டுக் கால் சுற்று வந்தது. பாதி நட்டு அப்படி வந்ததும் ஜஹாங்கீர் நிறுத்தினார். நட்டை முழுக்கக் கழற்றிவிட்டு ஆக்சிலை அடித்தால் அதன் முனை நசுங்கிப் பூத்துவிடும், பிறகு அது எந்த வழியாகவும் வராது. ஆக்சிலின் முனையும் நட்டின் முகமும் சமமாக வரும்படி விட்டு, மேலே ஒரு கட்டைத் துண்டை வைத்து, சுத்தியலால் தட்டினார். ஓங்கி அடிக்கவில்லை. தட்டு, கொஞ்சம் டீசல், தலைப்பக்கத்து ஓட்டையில் கம்பி கொடுத்து ஒரு திருப்பு. அசையவில்லை. மறுபடி தட்டு. பத்து மணி தாண்டியது. பதினொன்று தாண்டியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டே நின்றன.

கோபம் வந்தது அவருக்கு. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இந்தக் கடல்மேல், இந்தக் காற்றுமேல், ஒரு நட்டைக் கழற்றுவதற்குள் உயிர் போகிற இந்தப் பிழைப்புமேல். இத்தனை வருஷத்தில் எத்தனை ஆக்சில் உருவியிருப்பார். அதில் ஒன்றாவது தானாக வந்து கையில் விழுந்ததா?

கடைசியில் டீக்கடைக்குப் போய் ஒரு குண்டான் கொதிக்கிற தண்ணீர் கேட்டு வாங்கிவந்தார். நெருப்பு வைத்தால்தான் ஆபத்து, வெந்நீருக்கு ஒன்றும் ஆகாது. ஃபோர்க்கின் அடிப்பகுதிமேல் மெதுவாக ஊற்றினார். அலுமினியம் சூட்டில் கொஞ்சம் விரியும், உள்ளே இருக்கிற இரும்பு அவ்வளவு விரியாது. அந்த மயிரிழை இடைவெளி போதும். ஊற்றினார், கம்பியைக் கொடுத்துத் திருப்பினார். மூன்றாவது தடவை எலி கத்துகிறமாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஆக்சில் திரும்பியது.

"வந்திச்சி மாமு, வந்திச்சி!" என்று இக்னேஷியஸ் கத்தினான்.

ஆக்சில் விரல் விரலாக வெளியே வந்தது. சக்கரத்தை இறக்கி, கேமும் கட்டைகளும் பொருத்தியிருக்கிற பிரேக் தட்டை நெம்பி எடுத்து, வெளிச்சத்தில் திருப்பினார். கேமைச் சுற்றிப் பார்த்தார். உள்பக்கம், தண்டு தட்டுக்குள் நுழையும் இடத்தில், தயிர்போல வெளுத்துப்போய் ஏதோ இருந்தது. நகத்தால் கீறினார். வெளுப்புக்குக் கீழே மஞ்சள். அவர் எப்போதும் வாங்குகிற மஞ்சள் கிரீஸ். வைத்திருக்கிறார். தோள் அவ்வளவு வலித்த நாளிலும் அந்தப் பொட்டை மறக்காமல் வைத்திருக்கிறார்.

ஜஹாங்கீர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மூன்று வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கியது. சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

"தப்பிச்ச பாய்," என்றான் இக்னேஷியஸ். "எட்த்துகினு போயி அவரு மூஞ்சிக்கு நேரா காட்டு. ஊரெல்லாம் உன் பேர நாறடிச்சிட்டாரு. நான் வேணா எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"இரு, இரு. எவன்கிட்டயும் சொல்லாத."

ஏனென்றால் அவர் கண் அதற்குள் மற்றதையும் பார்த்துவிட்டது. கிரீஸ் இருக்கும்போது கேம் ஏன் பூட்டிக்கொண்டது? கிரீஸ் வெளுத்திருக்கிறது, அப்படியானால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மழைத்தண்ணீர் புகுந்தால் இப்படி ஆகாது. டிரம்முக்குள் சாம்பல் சேறாகிக் காய்ந்து சிமெண்டாகக் கிடந்தது. அதன்மேல் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. அலுமினியம் பொடிந்து மாவாக உதிர்ந்தது. எல்லாம் ஒரே இடத்திலிருந்து விசிறிப் பரவியிருந்தது. தட்டுக்கும் டிரம்முக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு. அந்த இடுக்கில் யாரோ ரப்பர் பைப்பின் வாயை வைத்துத் தண்ணீர் அடித்திருக்கிறார்கள். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, தினமும்.

யாரோ என்ன யாரோ. எர்ணாவூர் ஹவுசிங் போர்டில் தினமும் விடிகாலையில் வண்டி கழுவுகிற ஆள் ஒருவர்தான். பன்னிரண்டு வருஷத்து வண்டி, நேற்று ஷோரூமிலிருந்து எடுத்தமாதிரி பளபளக்கும். பாய், ஒரு பொட்டு சாம்பல் காட்டு பாக்கலாம் என்று ஜஹாங்கீரிடமே சவால் விடுவார். லாரியில் வருகிற நல்ல தண்ணீர் குடிக்கவும் சோறாக்கவும்தான் காணும். கழுவுவதெல்லாம் அடிபம்புத் தண்ணீர். மோட்டார் வைத்து ஏற்றி, பைப் போட்டு அடிப்பார்கள். அது தண்ணீரா, பாதி கடல். சாம்பல் சக்கரத்துக்குள் போய்க் கிறீச்சிடுகிறது, அதை வெளியே தள்ள வேண்டும் என்று புதுக் கட்டை போட்டபிறகு பைப்பை உள்ளே விட்டிருக்கிறார். ஃபிட்டர் வேலை பார்த்த மனுஷன். அழுக்கைக் கண்டால் அவருக்குத் தாங்காது.

ஏன் தாங்காது என்பதும் ஜஹாங்கீருக்குத் தெரியும். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பரசுராமன் இதே ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். சாம்பல் படிந்த சீட்டில் உட்கார்ந்து போனதில் ரமாபாயின் புடவைப் பின்பக்கமெல்லாம் கறுப்பு. பால்வாடிக்குப் பிள்ளையை விட வந்த ஒரு பெண், எல்லார் முன்னாலும், "கலீஜா வந்து நிக்கிறா பாரு, இவ கையாலயா எம் புள்ளைக்கு சோறு?" என்று கேட்டுவிட்டாள். அந்தக் கேள்வியில் சாம்பல் மட்டும் இல்லை என்பது ரமாபாய்க்கும் தெரியும், பரசுராமனுக்கும் தெரியும். ரமாபாய் அதை யாரிடமும் பேசவில்லை. பரசுராமன் மறுநாள் விடியுமுன் எழுந்து பைப்பைப் போட்டார். அன்றிலிருந்து ஒருநாள் தவறியதில்லை. அவள் புடவையில் ஒரு பொட்டு படக்கூடாது என்று கழுவினார். அந்தக் கழுவல்தான் அவள் காலை உடைத்தது.

இதை எப்படிச் சொல்வது?

மத்தியானம் வீட்டுக்குப் போனபோது மலிகா எல்லாம் கேட்டாள். சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"பேசாம போயி உள்ளத உள்ளபடி சொல்லிட்டு வந்துடுங்க. மூணு வாரமா நான் கடைத்தெருவுல தல நிமிர்ந்து நடக்கல. தப்பு நம்ம மேல இல்ல. இதுல யோசிக்க இன்னா கீது?"

"அவன் தாங்க மாட்டான் மலிகா."

"நீங்க தாங்கினீங்க இல்ல?"

நியாயம் அவள் பக்கம்தான். சாப்பிட்டுக் கொஞ்சநேரம் படுத்தார். கண் மூடவில்லை. நான்கு மணிக்கு பிரேக் தட்டை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஹவுசிங் போர்டில் பரசுராமன் வீடு தரைத்தளம். கதவு திறந்திருந்தது. சுவரில் நீல கோட்டுப் படம், பக்கத்தில் கண்மூடிய புத்தர். ரமாபாய் கட்டிலில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள். பரசுராமன் அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். பழக்கமில்லாத கை, சிக்கை இழுக்கத் தெரியாமல் இழுத்தது. அவள் முகத்தைச் சுளிக்காமல் இருந்தாள். ஜஹாங்கீர் அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் ஒருவேளை உள்ளதைச் சொல்லியிருப்பார்.

"வா," என்றார் பரசுராமன். "தொறந்தியா?"

"தொறந்தேன்."

"இன்னா இருந்திச்சி?"

"என் தப்புதான் பரசு," என்றார் ஜஹாங்கீர். "கேமுக்கு கிரீஸ் வெக்க மறந்துட்டேன். துரு புட்ச்சி பூட்டிகிச்சி. மன்னிச்சிக்கமா தங்கச்சி."

பரசுராமன் கத்துவார் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை. சீப்பை வைத்துவிட்டுப் பெரிசாக ஒரு மூச்சு விட்டார். தோள் தளர்ந்தது. மூன்று வாரமாக அவரும் எதையோ பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார் என்று அப்போது தெரிந்தது.

"கேட்டியா ரமா? நான் அன்னிக்கே சொன்னேன்." அப்புறம் ஜஹாங்கீரிடம், "வேற ஒருத்தனா இருந்தா நடக்கறதே வேற. பழகின தோசத்துக்கு உட்டுட்றேன். ஆனா இனிமே உன் கை என் வண்டில படக்கூடாது. வண்டிய குடுத்துடு, சக்கரத்த வேற எடத்துல மாட்டிக்கறேன். அழுக்கு உள்ள தங்குனதாலதான் துரு புட்ச்சிது. இனிமே ரெண்டு வேளையும் கயுவுவேன். பைப்ப உள்ள உட்டு அடிச்சா துருவாவது ஒண்ணாவது."

ஜஹாங்கீர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு காலில் மாட்டிவிட்டார், இன்னொன்று கையோடு நின்றுவிட்டது. தப்பைத் தலையில் போட்டுக்கொண்டால் விஷயம் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தார். முடியவில்லை. இன்னொரு எட்டு மாசத்தில் இந்த ஆள் இன்னொரு தடவை அவளைக் கீழே போடுவார்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"பரசு, நான் சொன்னது பொய்யி. கிரீஸ் வெச்சிதான் கீறேன். நீ பைப்ப உட்டு அடிச்சியே, அந்தத் தண்ணிதான் உள்ள போயி உப்பு பூத்து பூட்டிகிச்சி. இனிமே அந்தத் தண்ணிய சக்கரத்துல ஊத்தாத. உனுக்குப் புண்ணியமாப் போவும்."

பரசுராமன் முகம் மாறியது. "இப்பதான் உன் தப்புன்ன?"

"உன்ன பாக்க பாவமா இருந்திச்சி, அப்பிடி சொல்லிட்டேன்."

"ஒரு நிமிஷத்துல தப்ப என் தலைல கட்றியா? டபாய்க்கறியா பாய்?"

ஜஹாங்கீர் பையிலிருந்து தட்டை எடுத்து நீட்டினார். "இத்த பாரு, கிரீஸ் கீது."

"நடுவுல நீ வெச்சிகினு வந்திருப்ப!"

அதுதான். உண்மையைச் சொல்ல ஒரு முழுக் காலையும், இல்லாத தெம்பும் செலவழித்துப் பிடுங்கிவந்த சாட்சி. அவரே தன் வாயால் அதைச் செல்லாக்காசாக்கிவிட்டார். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இங்க குடு பாய்," என்றாள் ரமாபாய்.

வாங்கி மடியில் வைத்துப் பார்த்தாள். உதிர்ந்த வெள்ளைப் பொடியை விரலால் தேய்த்தாள். நுனியில் ஒட்டியதை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"அலுமினியக் குண்டான்ல நான் தெனம் சொரண்டறது இதேதான்யா," என்றாள். "அடிபம்பு தண்ணில கயுவறதுல மூணு குண்டான் ஓட்டையாயி காயலான் கடைக்குப் போட்டுகீறேன். பாய் பொய் சொல்லல. மொதல்ல சொன்னாரே, அதான் பொய்யி."

பரசுராமன் தட்டை வாங்கவில்லை. தொடவே இல்லை. அதிலிருந்த வெள்ளையையும் அவள் காலையும் மாறி மாறிப் பார்த்தார். ஃபிட்டர் வேலை பார்த்தவர், அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"நானா ரமா?" என்றார்.

"நீதான்," என்றாள் அவள். "அதுக்கு இன்னா இப்போ? எனக்கோசரந்தான பண்ண. காலு கூடிடும்னு டாக்டரு சொல்லிகீறாரு. எந்திரி, எனக்குப் பசிக்குது, சோறு போடு. பாயும் காலைலேர்ந்து செத்து சுண்ணாம்பாயி நிக்கிறாரு, அவருக்கும் சேத்துப் போடு."

பரசுராமன் எழுந்திருக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட இடத்தைத் தொடப் பயந்து, அவள் கால் விரலை மட்டும் பிடித்துக்கொண்டு அழுதார். சின்ன அழுகை இல்லை. வாசலில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். ரமாபாய் அவர் தலையில் கை வைத்தாள். ஜஹாங்கீர்தான் அடுப்படிக்குப் போய், சோற்றுப் பானை எது, தட்டு எங்கே என்று தேடி, மூன்று பேருக்கும் எடுத்து வைத்தார்.